மடியில் விரித்த விண்ணப்பம்

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

வார்டில் எல்லோரும் நலம். உன் பழைய கட்டிலில் இப்போது ஒரு ராணுவ டிரைவர். உன்னைவிடக் குள்ளம், உன்னைவிட வாய்.

என் விண்ணப்பத்தை நிதிக் குழுவில் தள்ளிவிட்டார்கள். முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகு சிறுநீர் வெளியேறப் பொருத்தும் குழாயால் வரும் தொற்றை எப்படிக் குறைப்பது என்று ஆராயப் பணம் கேட்டிருந்தேனே, அதுதான். நிதி முழுவதும் நடக்க வைக்கும் இயந்திரத்துக்காம். "காயமுற்ற வீரரின் கருத்தும் அதுவே" என்று பதிலில் இருக்கிறது. அந்தக் குழுவில் காயமுற்றவன் நீ ஒருவன்தானே? என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள சிஸ்டர் அக்காவுக்கு,

எனக்கு ஓட்டு கிடையாது. கருத்து மட்டும் கேட்பார்கள். இயந்திரமும் நல்ல இயந்திரம்தான். இங்கே வெயில் அதிகம்.

நெட்டை

ஏப்ரல் 20

நெட்டை,

வெயிலைச் சொல்லவா ஒரு தபால்தலை?

டிரைவர் வீட்டுக்குப் போன மூன்றாம் வாரமே குளிர்காய்ச்சலோடு திரும்பிவிட்டான். அதே தொற்று. "ரெண்டு நாளா பொறுத்துப் பார்த்தேன் சிஸ்டர், வீட்டுல எப்படிச் சொல்றது?" என்கிறான். பிழைத்துக்கொள்வான்.

உன்மேல் கோபமில்லை. விண்ணப்பத்தில் தப்பு இருந்தால் சொல். செப்டம்பரில் மறுபடி கேட்கலாம்.

அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

விண்ணப்பத்தில் தப்பில்லை.

கூட்டம் நாலு மணி நேரம் நடந்தது. நடுவில் யாரும் எழவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் என் காலில் கட்டியிருந்த, சிறுநீர் சேரும் பை நிரம்பி, மூடி கழன்றது. பேன்ட் நனைந்தது. மேஜைமேல் உங்கள் விண்ணப்பம் இருந்தது. அதைப் பிரித்து மடியில் விரித்துக்கொண்டேன். சரியாக அப்போதுதான் தலைவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க தம்பி, உங்களுக்கு என்ன வேணும்?"

எதிரே ஆறு அதிகாரிகள், சீருடையில். குழாய், பை என்று வாயைத் திறந்தால் எல்லோரும் என் மடியைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. "நடக்கணும் சார்" என்றேன். கை தட்டினார்கள். யாராவது எழுந்து வந்து கை குலுக்கிவிடப் போகிறார்களே என்று பயந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் இரண்டு வருஷம் என்னைக் கழுவித் துடைத்தவர். உங்களுக்கு எழுதவே இத்தனை நாள் ஆயிற்று.

நெட்டை

மே 6

தம்பி,

உன் கடிதத்தை மருந்து அறையில் நின்றபடி படித்தேன். பிறகு வெளியே வர முகமில்லை.

"நீ இருக்கிறாய், எனக்கென்ன கவலை" என்று உன்னை அனுப்பினேன். கூட்டம் எத்தனை மணி நேரம், பையை எங்கே காலி செய்வாய், கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று ஒரு வார்த்தை விசாரித்தேனா? பதினெட்டு வருட நர்ஸ் நான்.

செப்டம்பர் கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கூட்டத்தை நிறுத்த வேண்டும் என்று தலைவருக்கு எழுதியிருக்கிறேன். காரணத்தையும் எழுதினேன்.

நெட்டை