பூண்டுப் பாறையில் மூன்று எழுத்துகள்

மே 19
கோசோ தீவின் மேற்கு முனைப் பாறையில் காட்டுப் பூண்டு பூத்துவிட்டது. விரல் உயரம். வெளிறிய ரோஜா நிறம். இந்த மால்ட்டா தீவுகளைத் தவிர வேறெங்கும் முளைக்காதது; என் ஆய்வே இதை நம்பித்தான். இன்று பூக்களுக்கு நடுவே யாரோ நடந்த செருப்புத் தடம்.

மே 21
அண்ணன் சென்சுவிடம் மட்டும் சொன்னேன். கூடவே வந்தான். குனிந்து மோந்து பார்த்தான்.

"வேட்டைக்காரங்க போடுற மூணு எழுத்தைப் போட்டுரு. சொந்த இடம்னு நெனச்சு ஒருத்தனும் கால் வைக்கமாட்டான்."

வெள்ளை பெயின்ட்டும் அவனே கொண்டுவந்திருந்தான். எழுதியது நான்: RTO, 'உரிமையாளருக்கு மட்டும்'. அண்ணன் சிரித்தான்.

"கடைசி எழுத்தப் பாரு. கோழி முட்டை போட்ட மாதிரி சாஞ்சு கெடக்கு."

ஜூன் 30
பூண்டு காய்ந்து மண்ணுக்குள் போய்விட்டது. மேலே வெறும் பாறை. இனி மழைக்குத்தான் எழும். பயமில்லை, எழுத்துகள் இருக்கின்றன.

செப்டம்பர் 27
பாறையைச் சுற்றி இருந்த புதர்கள் இல்லை. களைக்கொல்லி நாற்றம். பள்ளங்களில் செம்மண் கொட்டிச் சமன் செய்து, குருவி பிடிக்கும் வலைக்குக் கம்பி நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கூண்டு. உள்ளே மற்ற குருவிகளைக் கூவி வரவழைக்க ஒரு குருவி — அண்ணன் வளர்க்கும் எங்கள் வீட்டுக் குருவி. நான் பெயர் வைத்தது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டேன்.

"அங்க என்னடி இருந்துச்சு? வெறும் பாறை."

"உனக்குத் தெரியும்."

"எழுத்து போட்ட இடம், போட்டது நம்ம வீட்டு ஆளு. வேற எவனோ வலை விரிக்கிறதுக்கு நான் விரிச்சா என்ன?"

மே மாதமே நினைத்துவிட்டானா? மோந்து பார்த்தானே — அப்போதா? பெயின்ட் எதுக்குக் கொண்டாந்தான்?

அக்டோபர் 3
அம்மா: "ஒரு பூண்டுக்காகக் கூடப் பொறந்தவனப் புடிச்சுக் குடுப்பியா? ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கோயிலுக்குப் போறது?"

தக்காளி தேய்த்த ரொட்டியை என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டேன்.

அக்டோபர் 4
புகார் கொடுத்தேன்.

அக்டோபர் 9
காவலர் எங்கள் இருவரையும் பாறைக்கு அழைத்துப் போனார்.

"யார் இடம் இது?"

"எழுத்து போட்டவங்க இடம் சார்." அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "தங்கச்சி போட்டது. எழுதச் சொல்லிப் பாருங்க. கடைசி எழுத்து முட்டை மாதிரி சாஞ்சு வரும்."

கூண்டுக்குள் குருவி கூவிக்கொண்டே இருந்தது.

காவலர் என் பக்கம் திரும்பினார்.

"ஆமாம்," என்றேன். "எழுதியது நான்தான்."

நவம்பர் 30
நல்ல மழை. பூண்டு எழவில்லை. எழுத்துகள் மட்டும் தூசி கழுவிப் பளிச்சென்று.