பூப்போட்ட சேர்ட்டைத் தேட வேண்டாம்

இஞ்சாருங்கோ,

பின்னேரம் உங்கள் அண்ணை திரும்பவும் வருவார். தேத்தண்ணியை நீங்களே ஊற்றிக் கொடுங்கோ. தேயிலை சிவப்பு ரின்னில் இருக்கிறது. அவருக்குச் சீனி போட வேண்டாம்.

நேற்று, துரை ஒருவரின் கெட்டிக்கார வேலையாளைப் பற்றிய அந்தப் பகிடிக் கதைகளை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு அண்ணைக்கு முன்னால், "எனக்கும் அப்பிடி ஒராள் வீட்டில இருக்கு, கூப்பிட முதல் தேத்தண்ணி வரும்" என்றீர்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இன்று காலையில் நானும் அந்தப் புத்தகத்தை வாசித்தேன். நல்ல புத்தகம்தான். துரை ஆசையாய் வாங்கிய உடுப்பு தனக்குப் பிடிக்காவிட்டால், வேலையாள் கேட்காமலே அதை அப்புறப்படுத்திவிடுகிறான். கடைசியில் துரை அவனுக்கு நன்றி வேறு சொல்கிறார்.

ஆகவே, திருநாளுக்குப் போட என்று நீங்கள் வாங்கிய பூப்போட்ட சேர்ட் இப்போது நோர்பரி சேர்ச் மண்டபத்தில், தர்மத்துக்குப் பழைய உடுப்பு விற்கிற மேசையில் கிடக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்குங்கோ. அந்த மேசையில் இன்று விற்க நிற்பது நான்தான். விலை குறைக்க மாட்டேன்.

கிளறிற்றா

மீன் குழம்பு பிரிட்ஜில் இருக்கிறது. உங்கள் பங்கில் முள்ளெல்லாம் எடுத்துவிட்டேன். அது வேலையாள் செய்ததல்ல, உங்கள் மனுசி செய்தது.