கிளச்சுக் கட்டை

அம்மா,

மழை நாட்களில் என் அலுவலக மேசைக்கு அடியிலிருந்து டீசல் வாசம் வருகிறது. பத்து பாகாட் நகரில், இரண்டாவது மாடியில், குளிர்சாதனம் ஓடும் அறையில் அந்த வாசத்துக்கு வேலையே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். கீழே ஏதோ லோரி நிற்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் என் இரண்டு பாதங்களும் நீ மிதித்த கட்டையின்மேல் இருக்கின்றன.

உனக்குத் தெரிந்த கட்டைதான். செங்கல்லைவிடச் சற்றே பெரிய பால்மரத் துண்டு, ரப்பர் வெட்டி முடிந்த மரம். டிராக்டரின் கிளச்சு உன் காலுக்கு எட்டவில்லை என்று அப்பா செதுக்கி, சைக்கிள் டியூப்பை வாராகக் கிழித்து மிதியின்மேல் இறுக்கிக் கட்டிக்கொடுத்தது. இருக்கை துருப்பிடித்து ஒரே இடத்தில் இறுகிப் போயிருந்ததால் மிதிதான் உன்னிடம் வரவேண்டியிருந்தது. இங்கே என் நாற்காலியிலிருந்தும் கால் தரைக்கு எட்டுவதில்லை. உயரத்தில் நான் அப்படியே நீ.

கட்டை எப்படி இங்கே வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். டிராக்டரை மாற்றிவிட்டோம், அம்மா. மாற்றவைத்தது நான். அதற்காக உன் பெயரில் ஒரு பொய்யும் சொன்னேன்.

நீ அதை டிராக்டர் என்று சொன்னதே இல்லை. 'கிழவன்' என்பாய். டீசல் தீர்ந்தால் கிழவனுக்குப் பசி. கிளம்ப மறுத்தால் கிழவனுக்குக் கோபம். சிகாமட் ஊருக்கு வெளியே நம் ஐந்து ஏக்கர் செம்பனைத் தோட்டத்தில், உயரமான அப்பா நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலை வெட்டுவார். நீ அவற்றை இழுவையில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போவாய். விடியலில் பனி மட்டைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். அரைத்தூக்கத்தில் கிழவன் இருமுவது கேட்கும். அந்தச் சத்தம் ஒரு வரிசையில் போய் மறு வரிசையில் திரும்பி வரும். தூரம் போகப் போக நான் தூக்கத்துக்குள் இறங்குவேன், கிட்டே வர வர மேலே மிதப்பேன். இன்றும் எனக்குத் தூக்கம் என்றால் அந்தச் சத்தத்தின் வடிவம்தான்.

பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். நடந்த வாரத்தில் ஆறு பெருகிச் சாலைக்கு வந்தது. உனக்கு நினைவிருக்கும். பஸ் ஓடவில்லை. என்னைச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டில் உட்காரவைத்துக்கொண்டு நீ கிழவனைத் தண்ணீருக்குள் இறக்கினாய். பழுப்புத் தண்ணீர், பழுப்பு வானம், நடுவில் கோடே இல்லை. கார்களின் கூரைகள் மட்டும் ஆமைகள் போலத் தெரிந்தன. நாம் சாலையில் போகிறோமா, சாலைக்கு மேலே எங்கோ போகிறோமா என்று எனக்குப் புரியவில்லை. சீருடைக்குள் பிளாஸ்டிக் பையில் தேர்வுச் சீட்டு. நீ ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தாய்.

பள்ளிக்கூட வாசலுக்கு முந்திய முனையில், "இங்கயே நிறுத்தும்மா" என்றேன்.

வாசலில் நின்ற என் தோழிகளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "தண்ணி பாத்து நட" என்று மட்டும் சொன்னாய். முழங்கால் தண்ணீரில் நான் நடந்து உள்ளே போகும்வரை எனக்குப் பின்னால் கிழவன் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூச்சப்படுகிறவள் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு அது கூச்சம் மட்டும்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீ போன இந்த இரண்டு வருடமும் அப்பாதான் வெட்டினார், அப்பாதான் ஓட்டினார். சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போகும்போதெல்லாம் அவருடைய இடது முட்டி கொஞ்சம் கூடுதலாக வீங்கியிருக்கும். இப்படியே அந்தக் கிளச்சை மிதித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் நடப்பதே சிரமமாகிவிடும் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். அப்பா நிலத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. வேலை இல்லாத நாட்களில் அவர் அணைத்துவைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன டிராக்டர்கள் வந்திருக்கின்றன, கியர் மாற்றுவதற்குக் கிளச்சை மிதிக்கவே வேண்டாம், வலது காலால் லேசாக அழுத்தினால் போகும் என்று பல தடவை சொன்னேன். அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஓடுதே."

ஒரு சனிக்கிழமை அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் திடீரென்று பேச ஆரம்பித்தேன். "ஆஸ்பத்திரில அம்மா எங்கிட்ட சொல்லுச்சுப்பா. டிராக்டரு பழசாயிருச்சு, அப்பா முட்டிக்கு ஆகாது, புதுசா ஒண்ணு பாக்கச் சொல்லுன்னுச்சு." எந்த நாள் சொன்னாய், அப்போது நர்ஸ் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது வரைக்கும் சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை. உண்மையில் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ என்னிடம் கேட்டதெல்லாம் வெளியே மழை பெய்கிறதா என்பதுதான்.

அப்பாவின் கை முட்டியிலேயே நின்றுவிட்டது. "சரி" என்றார்.

புதிய வண்டி ஒரு பனிக் காலையில் லோரியில் வந்தது. சிவப்பு நிறம். கிழவனில் பாதி உயரம்தான். வெள்ளத்தில் இறங்கினால் இதற்குக் கழுத்துவரை வந்துவிடும் என்று தோன்றியது. கொண்டுவந்த கடை மெக்கானிக் பழையதை லோரியில் ஏற்றுவதற்காகக் கிழவன்மேல் ஏறி உட்கார்ந்தார். அவரும் அப்பா மாதிரி நெட்டை. முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே இது கட்ட? இதோடயா இத்தன நாளா ஓட்டுனீங்க?"

அப்பா செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி என்னத்துக்கு ஆவும் லா? இத அறுத்துப் போட்டிருந்தா கால் பாட்டுக்கு நீட்டி மிதிக்கலாம். ரெண்டு நிமிச வேல. வண்டி மாத்தியிருக்கவே வேணாம்." மெக்கானிக் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"அறுக்காத" என்றார் அப்பா. "அவுக்கலாம்."

ஈரப் புல்லில், வீங்கிய முட்டியை ஊன்றி உட்கார்ந்து, தான் போட்ட முடிச்சுகளைத் தானே ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ரப்பர் காய்ந்து மரத்தோடு ஒட்டிப் போயிருந்ததால் நேரமாயிற்று. மெக்கானிக் கத்தியை மடித்து வைத்துவிட்டுச் சும்மா நின்றார். கட்டை கையில் வந்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நடுவில் உன் இடது பாதத்தின் பள்ளம் வழவழவென்று இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு நிமிட வேலையைச் செய்ய மாட்டாமல் ஒரு மனிதர் இரண்டு வருடம் முட்டியை மடக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பார்த்துப் பார்த்துப் பழகிய நானும் அந்தக் கட்டையைப் பார்க்கவே இல்லை.

லோரி வளைவில் திரும்பிக் கிழவனின் புகைக்குழாய் மறைந்த பிறகு அப்பா கேட்டார். "அம்மா சொல்லுச்சுன்னு நீ சொன்னது பொய்தானே?"

கட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"அவ டிராக்டருன்னு என்னைக்குச் சொல்லியிருக்கா?"

"தெரிஞ்சும் ஏன்பா சரின்னீங்க?"

"நீ வாயத் தொறந்து அவ்ளோ நேரம் பேசி நான் பாத்ததில்ல" என்றார். கோபமா சிரிப்பா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "அவ்ளோ பயந்துட்டியேன்னு தோணுச்சு."

பிறகு புதிய வண்டியின் இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு கம்பியை இழுத்தார். இருக்கை முன்னால் வழுக்கி வந்தது. ஏறச் சொன்னார். ஏறினேன். கால் எட்டியது, அம்மா. கட்டை இல்லாமலே எட்டியது. முதல் வரிசையில் போய் இரண்டாம் வரிசையில் திரும்பினேன். பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. இந்த வண்டி இருமுவதில்லை. தூங்குகிறவர்களுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல முனகுகிறது, ஒருநாள் நீ முனகியது போல.

நான் இறங்கியதும் அப்பா ஏறினார். இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை. அப்படியே, மறுபடியும் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்க, மடங்கி உட்கார்ந்தார். நான் போய்க் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல் காலால் உந்தினார். இருக்கை பின்னால் போய் 'டக்'கென்று நின்றது. இடது காலை மெதுவாக நீட்டினார்.

அதிலிருந்து இப்படித்தான். சனிக்கிழமை நான் போகும்போது அப்பா இருக்கையை முன்னால் இழுத்துத் தயாராக வைத்திருப்பார். ஞாயிறு கிளம்பும் முன் நான் பின்னால் தள்ளிவிட்டு வருவேன். நான் தள்ளாவிட்டால் அவர் அப்படியேதான் உட்காருவார் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு மறந்துவிட்டேன். பஸ் பத்து பாகாட் வந்து சேர்ந்த பிறகுதான் நினைவு வந்தது. பதறிப்போய்ப் போன் அடித்தேன்.

"அப்பா, சீட்டு..."

"தள்ளிட்டேன்" என்றார்.

"நீங்களா?"

"பின்ன? முட்டி இடிக்குதுல்ல."

போனை வைத்துவிட்டு அந்தப் பஸ் நிலையத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்று காலையில் பக்கத்து மேசைப் பெண் கீழே குனிந்து பார்த்து, இது என்ன கட்டை என்று கேட்டாள். "எங்கம்மாவோடது. டிராக்டர் ஓட்டினாங்க" என்றேன். அறை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.