பன்னிரண்டு மெகாபிக்சலில் ஒரு தோணி

தூத்துக்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு.

அன்புள்ள கிருபாநிதி அண்ணாவுக்கு,

டெல்பின் எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் பாப்பாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். 'அன்புள்ள' என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. பழக்கம், வேறொன்றுமில்லை.

உங்கள் யூடியூப் சேனலில் என்னைப் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். உங்கள் கண்காட்சி அழைப்பிதழில் ஸ்டுடியோ முகவரி இருந்தது. நான் போட்டது ஒரே ஒரு கமென்ட். 'அண்ணா, முயல்தீவுப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது?' அவ்வளவுதான். திட்டவில்லை, அழுகிற ஸ்மைலிகூடப் போடவில்லை. முதலில் கமென்ட் காணாமல் போனது. பிறகு நானே காணாமல் போனேன்.

நான் எப்படிப்பட்ட ரசிகை என்று உங்களுக்கு மறந்திருக்கலாம். 'கேமராவை மாற்றாதே, நிற்கிற இடத்தை மாற்று' என்று நீங்கள் சொன்னதை என் போன் கவரில் பெயின்ட் மார்க்கரால் எழுதி வைத்திருந்தேன். மெகாபிக்சல் முக்கியம் என்று உங்கள் வீடியோவுக்குக் கீழே எவன் வந்து எழுதினாலும் முதலில் பாய்கிறவள் நான்தான். ஒருவனிடம் விடியவிடிய சண்டை போட்டிருக்கிறேன். "ஏலே, கேமரா பேரச் சொல்லாத, நீ எடுத்த படத்தக் காட்டு" என்று நான் போட்டதை நீங்களே எல்லா கமென்டுக்கும் மேலே நிற்கிற மாதிரி பின் செய்து வைத்தீர்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் நான் ஸ்கிரீன்ஷாட் காட்டாத வீடு கிடையாது. கப்பலில் வேலை பார்க்கிற என் அண்ணன் டெரன்ஸ் நல்ல கேமரா வாங்கி வரட்டுமா என்று கேட்டபோது, எனக்கு இந்தப் பழைய பன்னிரண்டு மெகாபிக்சலே போதும், வெளிச்சம் இருந்தால் போதும் என்று சொன்னேன். அது என் வார்த்தை இல்லை, உங்கள் வார்த்தை.

எங்கள் ஊரில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிற ராஜதுரை அண்ணாச்சிக்கும் எனக்கும் இதே பேச்சுதான். அவருக்குத் தன் கேமராவைப் பற்றிப் பெருமை பேசாவிட்டால் டீ இறங்காது. "ஏளா, வானத்துக்கு மெகாபிக்சல் வேண்டாம். அதுக்கு அடியில ஒரு ஆளு நின்னா அவனுக்கு வேணும்ளா" என்றார். நிலக்காட்சியில் ஆளைத் தேடுகிறவன் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போகட்டும் என்று பதில் சொன்னேன். அதுவும் உங்களிடம் படித்த பதில்தான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

நீங்கள் ஐப்பசியில் இங்கே வந்தது நினைவிருக்கும். மழை விட்ட காலை. வெளிச்சம் எங்கே எப்போது விழும் என்று நான் வருஷக்கணக்காகப் பார்த்து வைத்திருந்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போனேன். முயல்தீவின் வடக்கு ஓரம். தண்ணீர் வற்றி, ஈர மணலில் வானம் முழுசாகக் கிடந்தது. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிய தோணி ஒன்று வெளியே போனது. உப்புக்காற்று அடிக்கிறது என்று உங்கள் கேமராவுக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தீர்கள். உள்ளே என்ன கேமரா என்று கேட்டேன். "உன்னுதுதாம்மா, அதே பழசு" என்று சொல்லி என் தலையில் தட்டினீர்கள். வீடியோவிலும் அப்படியே சொன்னீர்கள். டெல்பின் தங்கச்சியும் நானும் ஒரே கேமரா, ஒரே வெளிச்சம், படம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று. அதைப் பார்த்து எங்கள் அம்மா அழுதார்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

அந்தத் தோணியில் எங்கள் ஆன்டனி அத்தான் போனார். என் பெரியம்மா மகள் கிளாடிஸ் அக்காவின் வீட்டுக்காரர். மழைக்காலத்தில் தோணி ஏற மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஆள் சேர்ந்துவிட்டார். வழக்கமாகத் தோணி கிளம்புகிற அன்று அக்கா முயல்தீவு ஓரத்தில் வந்து நிற்பாள். அத்தான் தோணியின் பின்பக்கம் ஏறி, சிவப்புத் துண்டைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டுவார். கலங்கரை விளக்கைத் தாண்டும்வரை கை இறங்காது. அன்றைக்குக் காலையில்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது, கோபத்தில் அவள் வரவில்லை. "போறதுன்னா திரும்பிப் பாக்காமப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். அதை எனக்கு அவளே பிறகுதான் சொன்னாள். நாம் நின்ற இடம் அவள் நிற்க வேண்டிய இடம், அண்ணா.

திரும்பி வருகிற வழியில் புயலில் தோணிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மற்றவர்களை அந்த வழியாக வந்த கப்பல்காரர்கள் தூக்கினார்கள். அத்தானைக் காணவில்லை. இன்றுவரை காணவில்லை.

உடம்பு கிடைக்காத வீட்டில் முப்பதாம் நாள் பூசையில் வைக்க ஒரு படம் வேண்டும். அத்தானின் படம் ஒன்று இருந்தது, ஆதார் கார்டுக்கு எடுத்தது. அதை வைக்க அக்காவுக்கு மனசில்லை. என்னிடம் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்று நான் எடுத்த தோணிப் படம் இருந்தது. கடைசியாகப் போன தோணி, அந்த வெளிச்சம், அந்த வானம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், இப்போதும் சொல்வேன். ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டேன். இவ்வளவு பெரிதாகப் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடுமே என்று பிரிண்ட் கடைக்காரர் தயங்கினார். பெரிய படத்தை யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்க மாட்டார்கள், தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள் என்று நீங்கள் சொன்ன கணக்கை அவருக்கே பாடம் எடுத்தேன்.

அண்ணா, எங்கள் சனம் அப்படிப் பார்க்கிற சனம் இல்லை. தோணிப் படம் என்றால் மூக்கு உரசுகிற அளவுக்குப் போய், யார் தோணி, எந்தக் கயிறு, எவன் எங்கே நிற்கிறான் என்று விரல் வைத்துத் தேடுவார்கள். பூசை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. வானத்தை ஒருவரும் பார்க்கவில்லை. தோணியின் பின்பக்கம் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. ஆள் என்றால் நாலைந்து கட்டங்கள். கூட்டம் விலகி அக்காவுக்கு வழிவிட்டது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏளா டெல்பின், அவிய எந்தப் பக்கம் பாத்து நிக்காவ? இங்கன பாத்தா, கடலப் பாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. எடுத்தது நான், எனக்குத் தெரியவில்லை. லேப்டாப்பில் போட்டு எவ்வளவு பெரிதாக்கினாலும் பழுப்புக் கட்டம்தான் பெரிதாகிறது. முதுகும் அதே நிறம், நெஞ்சும் அதே நிறம். கை மேலே இருக்கிறதா, பின்னால் இருக்கிற பாய்மரமா என்றுகூடப் பிரிக்க முடியவில்லை.

ராஜதுரை அண்ணாச்சி கேலி பண்ணவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது. படத்தை வாங்கி ஏஐயில் போட்டுத் தெளிவாக்கித் தருகிறேன் என்றார். தந்தார். ஓர் ஆள் கரையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். மீசை வேறு. அத்தானுக்கு மீசையே கிடையாது. மீசையை மட்டும் அழித்துவிட்டு அக்காவிடம் காட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அண்ணாச்சியே "வேண்டாம்ளா, அது யாரோ" என்று சொல்லி அழித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கண்காட்சி வீடியோ வந்தது. சுவர் முழுக்க அன்றைக்கு நீங்கள் எடுத்த முயல்தீவுப் படம். ஒரு அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்க்கிறார். அங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தோணியின் கயிறு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. தார்ப்பாயின் மடிப்பு தெரிகிறது. என் கேமராவில் அது வராது. எனக்குத் தெரியாதா? அந்தக் கேமராவோடு நான் எத்தனை வருஷம் படுத்து எழுந்திருக்கிறேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம். எங்களையெல்லாம் பழைய கேமராவோடு உட்காரவைத்துவிட்டு, கவருக்குள் பெரிய கேமராவை ஒளித்துவைத்திருந்தீர்களே. மெகாபிக்சல் முக்கியமில்லை என்று சொல்வதற்கு உங்களுக்கே மெகாபிக்சல் தேவைப்பட்டதே. உங்களுக்காக நான் எத்தனை பேரை முட்டாள் என்று எழுதியிருக்கிறேன், அவர்களையெல்லாம் எங்கே போய்த் தேடுவேன்? போன் கவரை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

ஆனால் அண்ணா, நீங்கள் உண்மை பேசியிருந்தால், சொன்னபடி பழைய கேமராவில் எடுத்திருந்தால், இன்றைக்கு அத்தான் எங்கேயும் இருக்க மாட்டார். நீங்கள் பொய் சொன்னதால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் நிற்கிறார். அந்த வீடியோவில் அந்த அம்மாவின் தோள் மறைக்கிறது. தோளுக்கு மேலே சிவப்பாக ஏதோ ஒன்று. துண்டா, தோணியின் பெயின்டா தெரியவில்லை. இதை நான் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் தராமல் போனால் அவளால் அதைத் தாங்க முடியாது. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பிரிண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

உங்களை நான் எங்கேயும் மாட்டிவிட மாட்டேன். வீடியோ போட மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். மாதா மேல் ஆணை. எனக்கு ஒரிஜினல் ஃபைல் மட்டும் வேண்டும். கலர் ஏற்றாமல், கூர்மையாக்காமல், கேமராவிலிருந்து வந்தபடியே. முகம் தெரிய வேண்டாம். கை உயர்ந்திருக்கிறதா என்று தெரிந்தால் போதும். என் மெயில் ஐடி கடிதத்தின் பின்னால் இருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பாப்பாவுக்கு ஒரு குறையும் வராமல் மாதா காப்பாற்றட்டும். நீங்கள் வெளியூர் போகும்போதெல்லாம் அது வாசலில் நின்று கையாட்டட்டும், நீங்களும் திரும்பிப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று. அத்தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று நீங்கள் பார்த்து எழுத வேண்டாம். நீங்கள் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. படத்தை மட்டும் அனுப்புங்கள், அண்ணா.

இப்படிக்கு,
டெல்பின்