சௌடோக் மலையடியில் இறக்கிய முடி

சண்டைக்கு வந்தவனையும் உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பிய என் அப்பாவுக்கு,

இறக்கிவிட்டேன் அப்பா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் வேண்டிக்கொண்ட இடத்தில், அவள் வாசலிலேயே உட்கார்ந்து இறக்கினேன். யார் என்ன சொன்னாலும் சரி, உங்கள் வாக்கு தீர்ந்தது.

இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு விவரம் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில் நீங்கள் வியட்நாமில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தீர்கள். மீகாங் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கடலுக்கு ஓடுகிற பூமி, அதில் சௌடோக் என்ற பட்டணம். அம்மாவுக்கு அங்கே கரு தங்காமல் போனது, ஒரு தடவை அல்ல. ஊருக்கு வெளியே ஒரு மலை, மலையடியில் ஒரு அம்மன். அந்த நாட்டுக்காரர்கள் அவளை மண்ணுக்குச் சொந்தக்காரி என்ற அர்த்தத்தில் ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உங்களுக்கு அவள் மாரியம்மன்தான். பிள்ளை தங்கினால் அதன் முதல் முடி உனக்கு என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். நான் பிறந்தேன். முடி இறக்குகிற வயது வருவதற்குள் பிரெஞ்சுக்காரனோடு சண்டை மூண்டது. கிடைத்த கப்பலில் ஏறி, கைக்குழந்தையோடு மலையாள எல்லையில் இருக்கிற சித்தூர்ப் பக்கம் நம் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தீர்கள்.

அதற்கப்புறம் எத்தனை பேர் எத்தனை கோயில் சொன்னார்கள்! பழநி என்றார்கள், கொடுங்கல்லூர் என்றார்கள். நீங்கள் அசையவில்லை. "அவகிட்டச் சொன்னதக் கொண்டி இன்னொருத்தருகிட்டக் குடுக்கறதுக்கு இதென்னங்க, கத்திரிக்காயா?" என்றீர்கள். சுற்றிலும் வெட்டிவிட்டு, உச்சியில் ஒரு கொத்து முடியை மட்டும் கத்தி படாமல் விட்டுவைத்தீர்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயரே குடுமி. கஞ்சிக்கோட்டில் பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்த பிறகு அதைச் சுருட்டித் துண்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தாயிற்று. அதுகளுக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாயிற்று. அப்பனுக்கு இன்னும் முதல் மொட்டை ஆகவில்லை என்று ஊரே சிரித்தது.

போன ஐப்பசியில் நீங்கள் படுத்தீர்கள். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அதைத்தான். "எனக்குன்னு அதுல கத்தி வெச்சறாதே சாமி. அது அவளுது. எப்படியாச்சும் கொண்டி சேத்திரு."

சொல்லிவிட்டு அந்த மாசமே நீங்கள் போய்விட்டீர்கள். மாட்டிக்கொண்டது நான்தான். கருமாதி அன்று கத்தியும் கிண்ணமுமாக நாவிதர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் தலையைக் குனியவில்லை. பெரியப்பா எழுந்து வந்தார்.

"பெத்தவனுக்கு மொட்டை அடிக்காதவன் என்னடா மகன்?"

"அவரே வேண்டான்னு சொல்லீட்டுப் போயிட்டாருங்க பெரியப்பா."

"சாகப்போறவன் ஆயரஞ் சொல்லுவான். மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ? ஒறம்பரை சனத்துக்கு முன்னால என் தம்பி மானத்த வாங்கறயா?"

பந்தியில் போட்ட இலையைத் தொடாமலே எழுந்து போனார். பங்காளிகள் அத்தனை பேரும் அவர் பின்னால் போனார்கள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள் மேலும்தான் கோபம். ஒரு மகனை இப்படி நடுவில் நிற்கவைத்துவிட்டுப் போகலாமா?

ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த நாட்டில் அமெரிக்காக்காரன் வெளியேறிச் சண்டை ஓய்ந்திருந்தது. அங்கே ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்கு உதவியாக நம் நாட்டிலிருந்து பம்ப்செட்டுகள் போகின்றன, பூட்டிக்கொடுக்க ஃபிட்டர் ஒருவன் வேண்டும் என்று கம்பெனியில் பேச்சு வந்தது. குண்டு விழுந்த ஊர் என்று ஆளாளுக்கு நழுவினார்கள். நான் நேராக மேனேஜர் அறைக்குள் போய் நின்றுவிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததைச் சொன்னால் அதுவே தனிக் கடிதம். அம்மா மஞ்சள் துணியில் சந்தனக் கட்டியை முடிந்து கொடுத்து, "தவற உட்டுட்டு வந்தயின்னா ஊட்டுப் பக்கமே வராதே" என்றார். உங்கள் பிடிவாதம் எனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தேன்.

பம்புகளைப் பூட்டி, தண்ணீர் எடுத்துக் காட்டிய பிறகு ஒரு நாள் ஓய்வு கொடுத்தார்கள். எங்கே போய்ப் பார்க்க ஆசை என்று கேட்டார்கள். சௌடோக் என்றேன். கூடவே லான் என்ற பெண்ணை அனுப்பினார்கள். அரசாங்க மொழிபெயர்ப்பாளர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர், அரைகுறை இங்கிலீஷ் எனக்கும் அவருக்கும் பொது. விடியும்போது ஜீப்பில் கிளம்பினோம். திரும்பி வர ஆற்றைக் கடக்கும் கடைசிப் படகு பொழுது சாய்வதற்குள். அதை விட்டால் இரண்டு பேருக்குமே வசவு விழும்.

நேராக மலைக்குப் போகலாம் என்றேன். அந்த அம்மிணி கேட்டால்தானே! இவ்வளவு தூரம் வந்த விருந்தாளிக்கு ஊரை முழுக்கக் காட்டாமல் விட்டால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேச்சு மனப்பாடமாக வைத்திருந்தார். பாதியில் நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதலில் படகுச் சந்தை. எந்தப் படகில் என்ன விற்கிறார்களோ அதை ஒரு மூங்கிலில் கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்கள், பூசணி விற்றால் பூசணி, அன்னாசி விற்றால் அன்னாசி. அங்கிருந்து மிதக்கிற வீடுகளுக்குக் கூட்டிப் போனார். ஒரு வீட்டுக்காரர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவில் ஒரு பலகையைத் தூக்கினார். கீழே வலைக்கூண்டுக்குள் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு துள்ளின. தெறித்த தண்ணீரில் என் சட்டை நனைந்தது.

அப்பா, இதை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! "ஊட்டுக்குள்ள பலகையத் தூக்குனா மீனு" என்று. பெரியப்பா கப்சா என்பார், ஊர்க்காரர்கள் கண்ணடித்துக்கொள்வார்கள். உண்மையைச் சொன்னால் நானே பாதிதான் நம்பினேன். அந்தப் பலகை ஓரத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, என் அப்பா பொய் சொல்லவில்லை என்று தமிழில் சத்தமாகச் சொன்னேன். வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

பிறகு படகில் அக்கரைக்குப் போனோம். சாம் என்ற இனத்து முஸ்லிம்கள் அங்கே தறி போட்டிருக்கிறார்கள். கால் நட்ட மரவீடுகளுக்கு அடியில் பெண்கள் கட்டம் போட்ட லுங்கித் துணி நெய்கிறார்கள், பக்கத்தில் குவிமாடம் வைத்த பள்ளிவாசல். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெயில் ஏற ஏற நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "மலை, மலை" என்று நான் சொல்ல, "தறியை இன்னும் முழுக்கப் பார்க்கவில்லையே" என்று லான் சொல்ல, அங்கிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு வழியாக மலையடிக்கு வந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அங்கேயும் முதலில் ஒரு புத்தர் கோயில்! வாசலில் வெள்ளை யானை ஒன்று, கறுப்பு யானை ஒன்று, மேலே நம் நாட்டுக் கட்டடம் மாதிரி குவிந்த கோபுரங்கள். "பாருங்கள், உங்கள் ஊர் மாதிரியே" என்றார் லான். பார்த்தேன், பார்த்தேன் என்று நடந்துகொண்டே இருந்தேன்.

அடுத்தது அவள் கோயில்.

சிவப்புப் பட்டங்கி, தலையில் கிரீடம், தீட்டிய புருவம். நம் ஊர் அம்மன் மாதிரி முறைக்கவில்லை. நீ வந்து சொல்லு, கேட்கிறேன் என்கிற முகம். கருமாதியில் வராத அழுகை அங்கே வந்தது, குலுங்கிக் குலுங்கி அழுதேன். நீங்களும் அம்மாவும் நின்ற இடம் எது அப்பா? வாசற்படியா, தூண் ஓரமா? யாரைக் கேட்பது?

லான் பாவம், என்னைத் தேற்றப் பார்த்து, இந்தச் சிலை மிகப் பழையது, ஆதியில் ஆண் சிலை, உங்கள் நாட்டுச் சாமிதான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றார். ஆணோ பெண்ணோ, என் அப்பாவிடம் வாக்கு வாங்கினது இவள்தான் என்றேன். துண்டை அவிழ்த்துக் குடுமியைக் காட்டி, இதை இங்கே மழிக்க வேண்டும், ஆள் வேண்டும் என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தலையையா? முழுவதுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். கோயிலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் படபடவென்று ஏதோ சொன்னார். அவர்கள் எழுந்து வந்து என்னைக் கும்பிட்டார்கள். எதற்குக் கும்பிடுகிறார்கள்? அப்படியே என்னை நடத்திக்கொண்டு மறுபடியும் அந்த யானைக் கோயிலுக்கே போனார்கள். வயதான துறவி ஒருவர் வந்தார். சாந்தமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார், லான் அதை இங்கிலீஷில் சொன்னார்:

"பெற்றவர்கள் சம்மதித்தார்களா?"

"சம்மதமா? என் அப்பா ஆயுசு முழுக்க இதற்குத்தானே காத்திருந்தார்!"

லானுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "உங்களுக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றீர்களே. உங்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டியது என் பொறுப்பு. சாமியாராகப் போய்விட்டார் என்று நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?"

அட கெரகமே! அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் தலையை மழித்தால் துறவி. நம் பக்கத்து ஆள் எவன் போனாலும் இதைத்தான் கேட்டிருப்பான், இப்படித்தான் மாட்டியிருப்பான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், கரு தங்காதது, வேண்டுதல், கப்பல், குடுமி, எழுந்து போன பங்காளிகள், எல்லாம். லான் ஒவ்வொன்றாகத் துறவிக்குச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "இங்கே தலையை மழித்தால் வீட்டை விட்டுப் போகிறான் என்று அர்த்தம்" என்றார். "எங்க ஊரில் மழித்தால்தானுங்க வீட்டோடு சேர்த்தி" என்றேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். மரத்தில் கண்ணாடி மாட்டித் தெருவோரம் முடி வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

அம்மன் கோயில் படிக்கு எதிரே, அவள் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தவர், அவிழ்ந்து தோளில் விழுந்த முடியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சீப்பை எடுத்து அதை நன்றாகச் சீவிவிட்டு, அப்புறம்தான் கத்தி வைத்தார். தூரத்தில் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் சந்தனக் கட்டியை எடுத்து எதில் குழைப்பது என்று முழித்தபோது லானே அதை வாங்கி, தண்ணீரில் குழைத்து, "எங்கே? எல்லா இடத்திலுமா?" என்று கேட்டுத் தலை முழுக்கத் தடவிவிட்டார்.

மஞ்சள் துணியில் முடியை வைத்து அவளிடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, ஆற்றில் விட்டேன். கடைசிப் படகு எங்களுக்காகக் கொஞ்சம் நின்றது. "ரிப்போர்ட்டில் நான் என்ன எழுதுவது?" என்று லான் கேட்டார். "பம்ப் ஃபிட்டருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன், எல்லாவற்றையும் பார்த்தார் என்று எழுதுங்கள்" என்றேன்.

வந்து சேர்ந்த அன்று அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

முந்தாநாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா எதிரே வந்தார். கருமாதிக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறக்கிறார். என் தலையைப் பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் அடிச்சயே" என்றார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பகை அங்கேயே தீர்ந்திருக்கும். பங்காளிகள் மறுபடியும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அம்மாவுக்காக அப்படிச் சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது.

"இது அப்பாவுக்கு இல்லீங்க பெரியப்பா. இது அந்த அம்மனுக்கு."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை அப்பா. வாய் கோணிக்கொண்டது, பெரிய மனுஷர் பஸ் ஸ்டாண்டில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்தார். "அப்ப என் தம்பிக்கு ஒண்ணுமே இல்லியாடா?" என்றார்.

அவர் கோபத்துக்குள் இருந்தது இவ்வளவுதானா? உங்களுக்கு இது தெரியுமா?

"ஐப்பசி வரட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா, இப்போது முளைத்து வருகிற முடியில் அவளுக்குப் பங்கு இல்லை. ஒரு மயிர் விடாமல் உங்களுடையது. வருஷத் திதி வரைக்கும் இதில் கத்திரியும் படாது, கத்தியும் படாது. அன்றைக்குச் சித்தூர் ஆற்றங்கரையில், பெரியப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பங்காளிகள் பார்க்க உங்களுக்குத் தலை குனிவேன். வரமாட்டேன் என்று அவர் சொன்னால் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிவருவேன். என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும்.

உங்களுக்காக முடி வளர்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மகன்
நாச்சிமுத்து