மருந்து வேண்டாம் என்ற சாந்தி அன்ரி

சனிக்கிழமை, இரவு

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன், என்னைப் பற்றியும்தான்.

அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் திங்கள் முதல் மருந்துப் பதிவுகளை எல்லாம் போனில்தான் செய்ய வேண்டும். பிழை விட்டுவிடுவேனோ என்று ஒரு கிழமையாக அம்மாவுக்குப் பயம். கூட வேலை செய்யும் சாந்தி அன்ரிக்கும் அதே பயம். அதனால் அவர் இன்று லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருவரும் பயிற்சிப் பக்கத்தைத் திறந்து பழகினார்கள்.

அன்ரி நோயாளியாக நடித்தார். "மருந்து வேண்டாம் பிள்ளை, தேத்தண்ணி தா."

அம்மா சிரித்த சிரிப்பில் 'மறுத்தார்' என்பதற்குப் பதிலாக 'எடுத்தார்' என்பதை அழுத்திவிட்டார். அதைத் திருத்த இருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினேன்.

"கையை எடு. திங்கக்கிழமை நீயோ என்னோட வேலைக்கு வரப்போறாய்?" என்றார் அம்மா.

வாயை மூடிக்கொண்டிருப்பது பரீட்சையை விடக் கஷ்டம். இருவரும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள், சண்டையும் பிடித்தார்கள். கடைசியில் அன்ரி நோயாளியின் பெயரை அழுத்த, திருத்தும் பக்கம் திறந்தது.

"பாத்தியே!" என்று அம்மா மேசையில் தட்டினார். பிறகு தானே தனியாகச் செய்து பார்த்தார். நான் நினைத்திருந்த வழியை விட அது சுருக்கமானது.

"மற்ற ஆக்களுக்கும் காட்டுவம்" என்றார் அன்ரி.

இப்போது அம்மா என் அறை வாசலில் நிற்கிறார். "எழுதினது காணும், இனிப் படு." எனக்கு நித்திரை வேண்டாம் என்றேன்.

"மறுத்தார் எண்டு பதியிறன்" என்று சொல்லி விளக்கை அணைக்கக் கையை நீட்டுகிறார்.