ஹில்டாவுக்குப் பதினெட்டு வரி

ஹேல்ஸ்வொர்த், சஃபோக்
1958 நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள வின்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் பூனையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், முழங்கால் வலியைக் குறையில் சேர்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நீயும் காலினும் குட்டி பெக்கியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் சர்ச்சில் வேண்டிக்கொண்டேன். நியூசிலாந்தில் இப்போது வெயில் தொடங்கியிருக்கும், இங்கே பத்து நாளாகச் சூரியனைக் காணவில்லை, துவைத்த சட்டை மூன்று நாளாகியும் நாற்காலியில் ஈரத்தோடு தொங்குகிறது. உன் கப்பல் பனாமாவில் நின்றபோது போட்ட பட அட்டைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை, ஏழு மாதம் ஆகிவிட்டது. குறை சொல்லவில்லை, தபால்காரர் ராஃப் தூரத்தில் என்னைக் கண்டதுமே இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தெருவின் அந்தப் பக்கமாகப் போய்விடுகிறார், அவருக்கே என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது போலிருக்கிறது. அடுத்த வீட்டு மிஸஸ் தர்லோ புதன்கிழமை புதன்கிழமை மாவுக்குள் மாமிசம் அடைத்து ஒரு பண்டம் சுட்டுக் கொடுக்கிறாள், அதை மூன்று நாள் வைத்துச் சாப்பிடுகிறேன், மற்ற நாளில் ரொட்டியைக் கருக்கிக்கொள்கிறேன். தனிமையாக இருக்கிறது, வின்னி. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு வீட்டில் கீழே ஒரு ஆள் நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அது சத்தம் என்றே எனக்குத் தெரியாது, நின்ற பிறகுதான் தெரிகிறது.

நீ ஏன் எழுதவில்லை என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் பழைய வாத்தியார், எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொன்னது போல இருக்கும், பொறுத்துக்கொள். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரமெல்லாம் மாடியில் உட்கார்ந்து எழுத்தாளர் களஞ்சியத்துக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தள்ளினேனே, அதைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். பெரிய பெயர்களெல்லாம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களுக்குப் போய்விடும், அவர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம். எனக்கு வந்ததெல்லாம் பதினெட்டு வரி ஆட்கள். தேனீ வளர்ப்பைப் பற்றி நாலாயிரம் அடி பாட்டு எழுதிவிட்டு, அரசனுக்கா பார்லிமெண்டுக்கா யாருக்கு ஜெபிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கத்திலும் உதை வாங்கிய பாதிரியார் ஒருவர். செருப்புத் தைத்துக்கொண்டே கீர்த்தனை எழுதி, கடைசியில் அந்தக் கீர்த்தனையைப் பாடுகிறவர்களோடு சண்டை போட்டு சர்ச்சுக்கே போகாமல் செத்தவர் ஒருவர். கடனாளிச் சிறையில் இருந்தபடி பேய்க்கதை எழுதி வெளியே அனுப்பியவர், கடலையே பார்க்காமல் பத்துக் கடற்கதை எழுதியவர், ஒரே ஒரு நாடகம் ஒரே ஒரு நாள் நடந்து அடுத்த நாளிலிருந்து முப்பது வருஷம் தானியக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். இப்படி எண்ணூற்றுப் பதினோரு பேர், வின்னி, நானூறு வருஷத்து ஆட்கள், எல்லோரும் என் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. களஞ்சியத்துக்குள் வர ஒரே தகுதி எழுதியிருக்க வேண்டும், செத்திருக்க வேண்டும். பிறப்பு, தகப்பன் தொழில், பள்ளி, கல்யாணம், நூல்கள், சாவு, அடக்கம், இதுதான் வரிசை. பெண்கள் என்றால் கல்யாணத்துக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் கூடவே வரும், "மணத்துக்குப் பின் எதுவும் எழுதவில்லை" என்று. நூல்பட்டியல் கல்யாணத் தேதியோடு நின்றுவிட்டால் அந்த வாக்கியத்தைப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம், யாரும் கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

போன பிப்ரவரியில் உன் அம்மா ஹில்டாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, கூடத்தில் எல்லோரும் ஷெர்ரி மதுவும் ஹாம் சாண்ட்விச்சும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நான் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தேன், ஞாபகம் இருக்கிறதா? இருக்காமல் எங்கே போகும். களஞ்சியத்தின் பதிப்பாசிரியர் ஸ்டன்னார்ட் ஹில்டாவுக்கும் ஒரு குறிப்பு தருவதாகச் சொல்லியிருந்தார், அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஹில்டா ஃபென் என்ற பெயரில் இரண்டு நாவல் போட்டவள் அல்லவா, அந்தத் தகுதியில். நான் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், எனக்கே பெருமையாக இருந்தது. அதில் அந்த வாக்கியமும் இருந்தது, "மணத்துக்குப் பின் எதுவும் எழுதவில்லை, இல்லறத்தில் நிறைவு கண்டார்" என்று. நீ கையிலிருந்த கோப்பையைப் பியானோ மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாய், ஊருக்குக் கிளம்பும்வரை மூன்று வாரம் உப்பைத் தள்ளு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. துக்கம் என்று நினைத்தேன். மிஸஸ் தர்லோகூட அன்றைக்குச் சாண்ட்விச் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கும் துக்கம் என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் சர்ச் மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை நடந்தது. வழக்கம் போல உடைந்த விளக்கு, ஒற்றைக் கையுறை, யாரும் வாங்காத ஜாம். மூலையில் 'கணப்பு' வார இதழ், பெண்கள் படிப்பார்களே, பின்னல் மாதிரியும் தொடர்கதையும் போட்டு வருமே, அது கட்டுக் கட்டாகக் கிடந்தது. அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று ஒரு கட்டைத் தூக்கினேன். பின்னாலேயே மிஸஸ் தர்லோவின் குரல், "என்ன சார், கடைசில ஹில்டா கதைய அடுப்புலயா போடப் போறீங்க?" என்றாள். எந்தக் கதை என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், வாயைக் கையால் மூடிக்கொண்டாள், ஆனால் பாதி வந்த பேச்சு உள்ளே போகுமா. "அய்யோ, உங்களுக்கு இன்னுமா தெரியாது? டோர்கஸ் நன்னுங்கிற பேர்ல எழுதுனது யாருன்னு நெனச்சீங்க? ஊர்ல கறிக்கடைக்காரன் வரைக்கும் தெரியும் சார். அவ சமையக்கட்டுல எழுதுவா, வின்னி பொண்ணு பக்கத்துல உக்காந்து நல்ல கையெழுத்துல பிரதி எடுக்கும். போஸ்டாபீஸ்ல கவரக் குடுத்துட்டு, சார்கிட்ட சொல்லிடாதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே வாய்மேல வெரல வைப்பா" என்றாள். ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டேன். "நீங்கதான மீன் சுத்துற காகிதம்னு சொன்னீங்க" என்றாள், அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்.

சொன்னேன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம், இதே வீட்டில், விருந்துக்கு வந்த பாதிரியார் மனைவி ஏதோ ஒரு தொடர்கதையைப் புகழ்ந்தபோது, அதெல்லாம் அடுத்த நாள் மீன் சுற்றுகிற காகிதம் என்றேன், மேஜை முழுக்கச் சிரித்தது, உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்த ஹில்டாவும் சிரித்தாள். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போய் அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் சொன்னேன். டோர்கஸ் நன்னின் முதல் கதை முப்பத்தொன்றாம் வருஷ வசந்தத்தில் வந்திருக்கிறது. டோர்கஸ், உன் துணிப் பொம்மையின் பெயர், ஒரு கண்ணுக்குப் பதில் கோட்டுப் பித்தான் தைத்திருக்குமே. அந்தப் பெயரை அச்சில் பார்த்தபோது எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. நீ பதின்மூன்று பதினான்கு வயதில் சமையலறை மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாய், நான் தண்ணீர் குடிக்க வருகிற நேரம் வீட்டுப்பாடம் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவேன். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த பாதிரியார் எந்த வயலுக்காக வழக்காடினார் என்பது வரை தோண்டி எடுத்தவன் நான். விளக்கடியில் இருட்டு என்று பிள்ளைகளுக்கு எத்தனை தடவை பாடம் நடத்தியிருப்பேன்.

மண்டபத்தில் இருந்த இதழ்க் கட்டுகளையெல்லாம் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரமாக அதையேதான் படிக்கிறேன். இருபத்தோரு வருஷம் எழுதியிருக்கிறாள், என் கைக்குக் கிடைத்ததே அறுபத்துமூன்று கதையும் ஒரு தொடரும். எண்ணூற்றுப் பதினோரு பேரில் பாதிப் பேர் இதில் கால்வாசிகூட எழுதியதில்லை. எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய், சிலது அவசரத்தில் முடித்தது, மாப்பிள்ளைகள் தேவைக்கு மேல் இந்தியாவிலிருந்து திரும்பி வருகிறார்கள். ஆனால் நல்லது என்றால் நல்லது, சாப்பாடு ஆறுவது தெரியாமல் என்னை உட்கார வைத்துவிட்டது. நான் தேடியது வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மாதிரி ஒரு புருஷன் அதில் வருகிறானா என்று தேடினேன், வந்தால் எப்படிக் கிழித்திருப்பாள் என்று பயந்துகொண்டே தேடினேன். வருகிறான். நாலைந்து கதையில் வருகிறான், மாடியில் புத்தகத்தோடு இருக்கிற ஆள். அம்மா நாலரை மணிக்குத் துடைப்பக் கட்டையால் சமையலறைக் கூரையை இரண்டு தட்டுத் தட்டுவாளே தேநீருக்கு, அதுவும் அப்படியே வருகிறது. நான் இதோ ஒரு வரி, இதோ ஒரு வரி என்று மேலேயிருந்து கத்துவேன், தேநீர் ஆறிப்போகும். கதையில் வருகிறவன் முதல் தட்டுக்கே இறங்கி வந்துவிடுகிறான். எல்லாக் கதையிலும் வந்துவிடுகிறான், வின்னி. ஒன்றில்கூட அவள் அவனைக் கிழிக்கவில்லை.

இனி உன்னால் ஆக வேண்டிய காரியம். குறிப்பைத் திருத்த வேண்டும் என்று ஸ்டன்னார்டுக்கு எழுதினேன். அவர் பதில் போட்டார், "லார்ட்டர், புனைபெயரை ஏத்தணும்னா ரெண்டு அத்தாட்சி வேணும்னு விதி போட்டதே நீங்கதானே" என்று. நான்தான் போட்டேன், ஒரு மளிகைக்காரரின் பேரன் சொன்னதை நம்பி அந்தத் தாத்தாவை நூலாசிரியராக்கி ஒருமுறை அவமானப்பட்ட பிறகு. அச்சான பிரதி ஒன்று, எழுதும்போது கண்ணால் பார்த்தவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்று. பிரதி இருக்கிறது. 'கணப்பு' மூடி ஐந்து வருஷம், லண்டனுக்கே போய் விசாரித்தேன், காகிதங்கள் போன இடம் தெரியவில்லை. மிஸஸ் தர்லோ கவரைத்தான் பார்த்தாள், எழுதியதைப் பார்க்கவில்லை. அதே வீட்டில் முப்பத்தைந்து வருஷம் இருந்த நான் சாட்சி சொல்லலாமே என்று பேனாவை எடுத்தேன், என்ன பார்த்தேன் என்று எழுதுவது? சாட்சி என்று உலகத்தில் இருப்பது நீ ஒருத்திதான். ஜனவரி பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது, அதற்குள் வராவிட்டால் நான் கூடத்தில் படித்த அந்த வாக்கியமே அச்சாகி எல்லா நூலகத்திலும் நிற்கும், அடுத்த பதிப்புக்கு இன்னும் இருபது வருஷம், அதற்கு நான் இருக்கமாட்டேன். "அம்மா எழுதினார், நான் பிரதி எடுத்தேன்" என்று இரண்டு வரி போதும், தேதியும் கையெழுத்தும் வேண்டும். கப்பல் தபாலில் போட்டுவிடாதே, விமானத் தபாலில் போடு. ஸ்டன்னார்டின் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம், நேராக அவருக்கே எழுதிவிடு, நான் தப்பாக நினைக்கமாட்டேன். அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மா உன்னிடம் வாக்கு வாங்கியிருப்பாள், அந்த வாக்கை நீ காப்பாற்றிவிட்டாய், போதும். இன்னொன்று, அந்த வாக்கியத்தை இதுவரை எத்தனை பெண்களுக்குப் போட்டேன் என்று திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு ஊர் சர்ச்சுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன், எத்தனை சமையலறை மேஜைகள் வெளியே வருமோ தெரியாது.

பெக்கிக்குப் பல் முளைக்கிறபோது காய்ச்சல் வந்தால் பயப்படாதே, உனக்கும் வந்தது, அம்மா ஈரத்துணியில் ரொட்டித் துண்டைக் கட்டிக் கடிக்கக் கொடுப்பாள். காலின் ஆட்டுப் பண்ணைக்குக் குதிரையில் போகிறபோது மார்பில் கம்பளி போட்டுக்கொள்ளச் சொல், வெயிலாக இருந்தாலும் சரி. நீ ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கிற யோக்கியதை எனக்கில்லை, இருந்தாலும் எழுதினால் காலினிடம் மறைக்காதே. கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீங்கள் நீண்ட நாள் ஒன்றாக வாழுங்கள், ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் வாருங்கள். ஜனவரி பத்து, மறந்துவிடாதே. இப்போதெல்லாம் நாலரை மணி அடித்ததும் நான் எந்த வரியில் இருந்தாலும் பேனாவை மூடிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறேன்.

உன் அப்பா,
ஹ்யூபர்ட் லார்ட்டர்